தேடினோம், கிடைக்கல

1/ 2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்-32, 29 பேரோடு வங்கக் கடல் மேல காணாமப் போச்சு. எவ்வளவோ தேடியும் கிடைக்கல. ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில்தான் தகவல் வந்தது: சென்னைக் கரையிலிருந்து 310 கி.மீ. தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளோடு ஒத்துப்போகும் படங்கள்.

2/ கடல்ல தொலைஞ்சதைத் தேட ஒரு கணக்கு இருக்கு. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயஸ் தந்தது. கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வாய்ப்புன்னு எண் போடணும். ஒரு கட்டத்தில் தேடி கிடைக்கலன்னா அதன் எண் குறையும், மத்ததெல்லாம் ஏறும். ஆனா அது பூஜ்யம் ஆகாது.

3/ 2009ல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தாங்க. கறுப்புப் பெட்டியின் ஒலி கேட்கலன்னு, கடைசியா இருந்த இடத்தை ஒட்டிய பகுதியை ஒதுக்கிட்டாங்க. 2011ல் கணக்கை மறுபடி போட்டவங்க, 'ஒலிக்கருவியே செயலிழந்திருந்தா?'ன்னு கேட்டாங்க. ஒதுக்கின பகுதியின் எண் ஏறுச்சு. அங்கே தேடின ஒரே வாரத்தில் விமானம் கிடைச்சது.

4/ எங்க விருதுநகர் பக்கத்துக் காய்ச்சல் வார்டிலும் இதே கணக்குதான். என்எஸ்1 நெகட்டிவ்னா டெங்கு இல்லைன்னு முடிவு கட்டாதீங்க. காய்ச்சல் வந்து எத்தனாவது நாள் எடுத்த ரத்தம்னு கேளுங்க. 'கிடைக்கல' வேற, 'இல்லை' வேற.