கணிப்பொறிக்குள் பெருகும் டி.என்.ஏ.

ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இவ்வாறு இருபது முறை இரட்டித்தால் 10,48,576 கிடைக்கும். முப்பது முறையில் நூறு கோடியைத் தாண்டிவிடும். சதுரங்கப் பலகையில் தானியம் வைத்த கதையை அறிந்த மாணவர்களுக்கு இது புதிதன்று. இக்கணக்கை டி.என்.ஏ.வுக்குப் பொருத்தியவர் கேரி முல்லிஸ். 1983-இல் கலிபோர்னியாவிலுள்ள சீட்டஸ் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த அவருக்குக் கணிப்பொறி நிரல் எழுதுவதிலும் நாட்டம் உண்டு. ஒரு கணக்கின் விடையை அதே கணக்கில் மீண்டும் மீண்டும் இடும் சுழற்சி முறை அவருக்குப் பழகிய ஒன்று. அதுவே, ஓர் இரவு காரோட்டிச் செல்கையில், பி.சி.ஆர். முறைக்கு வித்தாயிற்று. (இதையொத்த கருத்தைக் கொரானாவின் ஆய்வுக்கூடத்தினர் 1971-இலேயே வெளியிட்டிருந்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) முல்லிசுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செய்முறை எளிது. சுமார் 95 டிகிரி செல்சியசில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். குளிர்வித்தால், வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் பிரைமர் எனப்படும் சிறு துண்டுகள் ஒட்டும். பாலிமரேஸ் என்னும் நொதி அங்கிருந்து புதிய இழையை வளர்க்கும்.

பிரைமர் தவறான இடத்தில் ஒட்டினால் எல்லாம் வீண். டி.என்.ஏ.வின் எழுத்துகள் நான்கே. இருபது எழுத்துள்ள பிரைமரை 4-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 1.1 லட்சம் கோடி வகைகளில் அமைக்கலாம். மனித டி.என்.ஏ. தொகுதியிலோ சுமார் 300 கோடி எழுத்துகளே. எனவே ஒரு பிரைமர் தற்செயலாக வேறிடத்தில் பொருந்துவது அரிது எனலாம். ஆனால் இயற்கை தாயம் உருட்டி எழுதவில்லை. ஒரே வரிசை பல்லாயிரம் இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே தேடித்தான் பார்க்க வேண்டும்.

மனித மரபணு வரைபடம் தயாரான நாட்களில், ஒவ்வோர் அடையாளப் பகுதியையும் காண ஒரு பி.சி.ஆர். சோதனை தேவைப்பட்டது. 1997-இல் கிரெகரி ஷூலர் 'மின்னணு பி.சி.ஆர்.' என்ற நிரலை விவரித்தார். இரு பிரைமர்களும் சரியான திசையில், சரியான இடைவெளியில் பொருந்தும் இடங்களை அது வரிசைத் தொகுப்பில் தேடியது. குழாயும் வேண்டாம், நொதியும் வேண்டாம்! கருவி வாங்க வசதியற்ற கல்லூரிகளும் இன்று இதைச் செய்து பார்க்கலாம்.

எனினும் கணிப்பொறியில் இரட்டித்தல் சொன்னபடியெல்லாம் தொடரும்; குழாயில் தொடராது. பிரைமர்கள் குறையும், நொதி தளரும், வளர்ச்சி நின்றுவிடும்.

2020 ஜனவரியில் கொரோனா வைரசின் மரபு வரிசை வெளியானது. பெர்லின் ஆய்வாளர்கள் அவ்வைரசின் மாதிரி கையில் இல்லாமலேயே, வரிசைகளை ஒப்பிட்டுச் சோதனை முறையை வகுத்தனர். பழைய சார்ஸ் வைரசைக் கொண்டு சரிபார்த்து, ஜனவரி 23-இல் வெளியிட்டனர். ஆனால் பிப்ரவரியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய சோதனைப் பொருள்கள், வைரஸ் இல்லாத மாதிரியிலும் 'உண்டு' என்று காட்டின. தொற்று பரவிய வேளையில் அங்கே சோதனை பல வாரங்கள் தடைப்பட்டது. அம்மையத்தாரின் ஆய்வு 2021-இல் இரு காரணங்களைக் கூறியது. ஒன்று, ஒரு பிரைமரும் ஒளிரும் துண்டும் தமக்குள்ளேயே ஒட்டிக்கொண்டன. இத்தகைய ஒட்டுதலைத் தேடும் நிரல்கள் அன்றே இருந்தன. மற்றொன்று, செயற்கை வைரஸ் மரபுப்பொருள் சோதனைப் பொருளில் கலந்துவிட்டது. இதை எந்த நிரலும் கண்டிருக்க முடியாது.