படகு நிக்கணும், தண்ணி அசையக் கூடாது: குற்றாலத்துக் குளமும் ஒரு படத்தின் வரலாறும்

குற்றாலம்னு தேடினா வர்ற படங்களை மூணு வகையில் அடக்கிடலாம்: பேரருவி, ஐந்தருவி, குளிக்கிற கூட்டம். நாலாவதா இன்னொரு வகையும் உண்டு. பின்னால மலை, மலைமேல சாரல் மேகம், முன்னால குளம், அதில் ஒரு படகு. ஐந்தருவிக்குப் போற சாலையில் இருக்கிற வெண்ணமடைக் குளத்தில் எடுத்த படம் அது. சீசனில் குளம் நிரம்பினதும் சுற்றுலாத் துறை அங்க படகு விடும்.

இந்த நாலாவது படம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் குறிப்பின் கேள்வி. மலை, ஏரி, தனிப் படகு என்ற சட்டகம் தானா முளைத்தது இல்லை. அதுக்கு ஏறத்தாழ 250 வருடக் கதை இருக்கு.

இங்கிலாந்தில் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770-இல் வை நதியில் படகுப் பயணம் போனார். 1782-இல் அதைப் புத்தகமாக்கினார். ஒரு நிலக்காட்சியை ஓவியம் மாதிரி பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்த புத்தகம் அது. அதுக்கப்புறம் வை நதிப் படகுப் பயணம் பெரிய மோஸ்தர் ஆனது. அந்தப் படகுகளில் உட்கார்ந்து வரைய மேசை கூட இருந்தது. அந்தக் காலப் பயணிகள் பலர் கையில் 'கிளாட் கண்ணாடி' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கருமை பூசிய சின்னக் குவி கண்ணாடி. காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரியும் காட்சியைப் பார்க்கணும். இன்றைக்கு அருவிக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறவர்களை நாம கிண்டல் பண்றோம். அந்தப் பழக்கத்துக்கு வயசு ரொம்ப அதிகம்.

கில்பினின் புத்தகம் வந்து பத்தே வருடத்தில் அந்தப் பார்வை நம்ம ஊருக்கு வந்துவிட்டது. 1792-இல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள், சித்தப்பாவும் மகனும் முறை, திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்கள். பாபநாசத்து அருவியையும் குற்றாலத்து அருவியையும் வரைந்தார்கள். அவர்கள் கையில் 'கேமரா அப்ஸ்க்யூரா' இருந்தது. வெளியே இருக்கும் காட்சியை லென்ஸ் வழியா உள்ளே தாளில் விழவைத்து, அதன்மேல் கோடு இழுக்கும் பெட்டி. அதாவது புகைப்படம் பிறப்பதற்கு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு முன்னாலேயே கேமரா இந்தப் பக்கம் வந்துவிட்டது. பதிந்து வைக்கும் ரசாயனம்தான் பாக்கி.

அந்த ரசாயனம் வந்தபோது ஒரு சிக்கலும் கூடவே வந்தது. தண்ணி அசையும், படகு அதைவிட அசையும்.

லினேயஸ் ட்ரைப் 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றி அவர் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வந்தன. அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஒளி விழணும். அவ்வளவு நேரத்தில் அலை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, தண்ணீர் பளிங்கு மாதிரி வழுவழுன்னு பதியும். மேகம் பதியவே பதியாது, வானம் வெறிச்சுன்னு இருக்கும். அதனால ட்ரைப் நெகட்டிவில் கையாலேயே மேகம் தீட்டினார். இன்றைக்கு அருவியைப் பால் மாதிரி காட்ட, லென்ஸ் முன்னால கருப்பு ஃபில்டர் மாட்டி நேரத்தை நீட்டுகிறார்கள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் வந்தது இன்றைக்கு அழகாகிவிட்டது.

அடுத்து வந்தது ஈரக் கண்ணாடித் தகடு. 1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், மறுவருடம் காஷ்மீர் போனார். தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவணும். இருட்டுக் கூடாரம், ரசாயனம், கண்ணாடி எல்லாவற்றையும் சுமக்க ஒரு கூட்டமே ஆட்கள் வேண்டியிருந்தது. ஒளி விழும் நேரம் நிமிடத்திலிருந்து நொடிகளுக்குக் குறைந்தது. ஆனாலும் ஓடுகிற படகுக்கு அது போதாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் படகு கரையோரம் நிற்கிறது, படகோட்டி துடுப்பைப் பிடித்தபடி சிலையா இருக்கிறார். நாம 'என்ன அமைதி' என்று ரசிக்கிறோமே, அது பாதி "அசையாதே" என்ற உத்தரவு. 1871-இல் ரிச்சர்ட் மேடக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டு முறையை வெளியிட்டார். 1880-களில் அது பரவின பிறகுதான் போகிற படகைப் போகிறபடியே எடுக்க முடிந்தது. அப்பவும் அந்த அசையாத படகுப் படத்தின் மேல் இருந்த ஆசை போகலை.

இதே காலத்தில் படத்துக்கு ஏற்ற ஏரிகளும் உருவாகிக்கொண்டிருந்தன. ஊட்டி ஏரி 1820-களில் ஜான் சல்லிவன் வெட்டியது. கொடைக்கானல் ஏரி 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது. கொடைக்கானலுக்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தவரும் அவர்தான். கடற்கரைப் படகு மலை ஏறியது! 1890-இல் அங்கே படகுக் குழாம் வந்தது. 1932-இல்தான் பொதுமக்களுக்கும் சுற்றுலா வந்தவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. மலைவாச ஸ்தலம் என்றால் ஏரி, ஏரி என்றால் படகு என்ற பழக்கம் இப்படித்தான் ஊன்றியது.

ஆனா வெண்ணமடை அந்த வகை ஏரி இல்லை. பேரைப் பாருங்க: மடை. தென்காசிப் பக்கம் குளம் என்றாலே பாசனக் குளம்தான். கரை, உள்வாய், மடை, மறுகால் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பேர், ஒரு வேலை. தென்மேற்குப் பருவமழையில் அருவி விழும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் சீசன். அதேதான் கார் நெல் பருவமும். அருவியில் குளிக்க வர்ற தண்ணியும், படகு மிதக்கிற தண்ணியும், நாத்துக்குப் பாயுற தண்ணியும் ஒண்ணுதான். மடையைத் திறந்தா குளம் இறங்கும். குளம் ரொம்ப இறங்கினா படகைக் கரையேத்தணும். படத்தில் இது எதுவும் தெரியாது, மலையும் படகும்தான் தெரியும்.

நம்ம மரபில் கோயில் குளத்தில் மிதப்பது தெப்பம். குற்றாலத்திலேயே சித்திர சபைக்கு முன்னால் தெப்பக்குளம் இருக்கு, தை மாதம் தெப்பத் திருவிழா நடக்கும். ஐந்து சபைகளில் ஓவியத்துக்கான சபை ஒரு நீர்நிலையின் கரையில் நிற்கிறது என்பது நல்ல பொருத்தம். தெப்பத்தில் தனிமைக்கு இடமே கிடையாது. வடம் பிடித்து இழுக்க ஆள் வேணும், நாலு கரையிலும் ஊர் நிற்கணும். கில்பின் வழி வந்த படத்தில் ஆள் குறையக் குறைய அழகு கூடும். தெப்பத்துக்கு ஆள் கூடினால்தான் அழகு.

படகில் ஆள் எப்படிக் காணாமல் போகிறார் என்பதும் வேடிக்கை. இரட்டைத் துடுப்புப் படகில் துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்து, அதாவது பயணியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். படம் எடுத்தா அவர் தப்பவே முடியாது. செங்கோட்டைக் கணவாய் தாண்டி கொல்லம் போனால் அஷ்டமுடிக் காயலில் வள்ளம் பார்க்கலாம். அங்கே ஆள் பின்னால் நின்று கழி ஊன்றுவார். பயணி முன்னால் பார்த்து எடுத்தா வள்ளத்தின் மூக்கும் தண்ணீரும் மட்டும் வரும், வள்ளம் தானாப் போற மாதிரி இருக்கும்.

குற்றாலத்தில் படம் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மலை மேற்கே இருக்கு. காலையில் வெயில் மலை முகத்தில் விழும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரம் இறங்கி, மலை வெறும் நிழலாகிவிடும். சீசன் காற்று கணவாய் வழியா அடிக்கும்போது குளத்தில் பிம்பம் நிற்காது, காற்று எழும்பாத விடிகாலையில்தான் கொஞ்சம் வாய்ப்பு.

பிம்பம் கிடைத்து படகையும் எடுத்த பிறகு, கேமராவைக் கொஞ்சம் திருப்பி மடையையும் ஒரு படம் எடுத்து வையுங்க. அம்பது வருடம் கழித்து இந்தப் படங்களைப் பார்க்கிறவருக்கு, இது யாரோ வேடிக்கைக்கு வெட்டின ஏரி இல்லை, வயலுக்குத் தண்ணி கொடுத்த குளம் என்று சொல்ல அந்த ஒரு படம் வேணும்.