இருளிலும் தெரியும் வாசல்: வீட்டுப் பாதையிலும் வாகனத் தரிப்பிடத்திலும் ஒளித்தெறிப்பான்களைப் பயன்படுத்துவது எப்படி?

வன்னியில் மீள்குடியேறிய பல குடும்பங்களின் வீடுகள் வீதியோரத்தில் இல்லை. வீதியிலிருந்து வளவுக்குள் இறங்க ஒரு சிறிய மதகு, படலையைத் தாண்டினால் ஒரு கிரவல் பாதை, அதன் ஓரத்தில் ஒரு கிணறு, பின்னால் ஒரு வாய்க்கால். பகலில் இவற்றால் எவருக்கும் தொல்லையில்லை. கார்த்திகை, மார்கழி மழையிரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவருக்கோ கடைசி ஐம்பது மீற்றர்தான் முழுப் பயணத்திலும் ஆபத்தான பகுதி. யுத்தத்தின் பின்னர் பல வீதிகள் உயர்த்தப்பட்டுக் கார்ப்பற் இடப்பட்டன. வீதி உயர்ந்த இடங்களில் பக்கத்து வளவுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. வாகனங்களின் வேகமும் கூடிவிட்டது.

வீதி வேலைகளில் பல வருடங்கள் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தவன் நான். பெருந்தெருக்களில் பொருத்தப்படும் ஒளித்தெறிப்பான்களை, அதாவது நாங்கள் 'றிப்ளெக்டர்' என்று சொல்லும் பொருளை, வீட்டு வாசலிலும் பயன்படுத்தலாம் என்பதை எங்களில் பலர் யோசிப்பதில்லை. இதற்கு மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும்.

எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடி, தகரம், பழைய சீடி போன்றவை தம்மேல் சரிவாக விழும் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடும். அதனால் பாதையோரத்தில் சீடி கட்டித் தொங்கவிடுவதில் அதிக பயனில்லை. ஒளித்தெறிப்பான் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டகங்கள், ஒளி வந்த திசைக்கே அதைத் திருப்பி அனுப்புகின்றன. வாகனத்தின் முன்விளக்கிலிருந்து சென்ற ஒளி, அந்த விளக்குக்கு அருகிலுள்ள ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது.

இங்கிலாந்தின் ஹலிபக்ஸ் பகுதியைச் சேர்ந்த பேர்சி ஷோ 1930களில் வீதியில் பதிக்கும் 'பூனைக்கண்' தெறிப்பான்களை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதலுக்கு அஞ்சி அங்கு வீதி விளக்குகள் அணைக்கப்பட்டு, வாகன விளக்குகளும் மூடி போட்டு மறைக்கப்பட்டபோதுதான் அவற்றின் அருமை பரவலாக உணரப்பட்டது. வெளிச்சம் தெரிந்தால் குண்டு விழும் என்று விளக்கை அணைத்துவிட்டு இருந்த இரவுகளை அறிந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்?

மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் 11 மீற்றர் நகரும். ஆபத்தைக் கண்டு பிறேக்கில் கை வைக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால், அதற்குள் 16 மீற்றருக்கு மேல் போய்விடும். காய்ந்த கார்ப்பற் வீதியில்கூட நிற்பதற்கு இன்னும் ஏறத்தாழ 10 மீற்றர் வேண்டும். நனைந்த கிரவலில் அதைவிட அதிகம். ஆகவே வாசல் குறைந்தது 30 மீற்றர் தொலைவிலேயே தெரிய வேண்டும். மங்கிய விளக்கில் ஒரு சாம்பல் நிற மதகுக் கட்டு அவ்வளவு தூரத்தில் தெரியாது. ஒளித்தெறிப்பான் தெரியும்.

எங்கே பொருத்துவது?

முதலில் மதகு. அதன் இரு கட்டுகளின் நுனியிலும், வீதியின் இரு திசைகளையும் நோக்கி ஒவ்வொன்று வேண்டும். வாகனங்கள் வாய்க்காலுக்குள் சரிவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து படலைத் தூண்கள். இரண்டு தூணிலும் ஒரே உயரத்தில், நிலத்திலிருந்து 60 முதல் 80 சென்ரிமீற்றர் வரையில் பொருத்துங்கள். முன்விளக்கின் உயரமும் ஏறத்தாழ இதுதான். அதைவிடத் தாழ்ந்தால் புல்லும் சேறும் மறைத்துவிடும். படலைக்குப் பதிலாகச் சங்கிலியோ முட்கம்பியோ குறுக்கே கட்டும் வழக்கமிருந்தால், அதன் நடுவில் கட்டாயம் ஒரு தெறிப்புப் பட்டியைத் தொங்கவிடுங்கள். இருட்டில் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கு எமனாவது இந்தக் கம்பிதான்.

உள்பாதையில், நேரான பகுதிக்கு 5 மீற்றருக்கு ஒரு சோடி போதும். வளைவில் 2 மீற்றருக்கு ஒன்று வேண்டும். சில்லு போகும் தடத்திலிருந்து ஓர் அடி வெளியே தள்ளி வையுங்கள். பூவரசு, கிளுவைக் கதியால்களின் பட்டையில் ஸ்ரிக்கர் ஒட்டினால் நிற்காது. சிறு தகரத் துண்டில் ஒட்டி, அதைக் கம்பியால் கட்டுங்கள்.

கிணற்றைச் சுற்றி நான்கு பக்கமும் தெரியும்படி பட்டி ஒட்டலாம். ஆனால் கட்டில்லாத கிணற்றுக்கு இது தீர்வல்ல. விளக்கில்லாமல் நடந்து வரும் பிள்ளைக்குத் தெறிப்பான் எதையும் காட்டாது. கிணற்றுக்குக் கட்டுத்தான் பாதுகாப்பு.

வாகனம் நிறுத்தும் இடத்தில், பின் சுவரில் இரு சில்லுகளுக்கும் நேரே இரண்டு நிலைக்குத்துப் பட்டிகளை ஒட்டுங்கள். பின்னோக்கி எடுக்கும்போது அவை எல்லையைக் காட்டும். நிறுத்திய உழவு இயந்திரப் பெட்டியின் பின்புறத்தில் இரு மூலைகளிலும் சிவப்புத் தெறிப்பான் இருக்க வேண்டும். வீதியோரத்தில் விளக்கின்றி விடப்படும் பெட்டியில் மோதுவது உயிரையே பறிக்கும்.

வற்றாப்பளைப் பொங்கல் போன்று இரவிரவாகச் சனம் கூடும் இடங்களில், தற்காலிகத் தரிப்பிடங்களின் எல்லைக் கயிற்றில் தெறிப்புப் பட்டிகளைக் கட்டுவது ஏற்பாட்டாளருக்குப் பெரிய வேலையல்ல.

நிறம் பற்றிய முக்கிய எச்சரிக்கை

எமது பிரதேசத்தில் சிவப்பு நிறக் கம்புக்கும் மண்டையோட்டுப் பலகைக்கும் ஒரே பொருள்தான்: மிதிவெடி, கிட்டப் போகாதே. எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் படித்து வளர்ந்தார்கள். ஆகவே வீட்டுப் பாதையின் ஓரங்களில் சிவப்புக் கம்புகளை நடாதீர்கள். பாதையைக் காட்ட வெள்ளை அல்லது மஞ்சளைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் அந்தச் சிவப்பைக் கண்டு நிற்கும் பழக்கம் பிள்ளைகளிடம் மெல்ல மெல்ல மறைந்துவிடும். அபாயப் பலகைகளையும் அடையாளக் கம்புகளையும் வீட்டுத் தேவைக்காகப் பிடுங்குவது இன்னொருவரின் காலையோ உயிரையோ பறிக்கும்.

கம்பு நடுவதற்குக் கிடங்கு தோண்டும் முன்னரும் யோசியுங்கள். நீண்ட காலம் பாவிக்காத வளவு, பழைய பங்கர் இருந்த இடம், மண் அணை ஓரம் என்றால் தோண்ட வேண்டாம். சீமெந்து நிரப்பிய பழைய தகரப் பேணியில் குழாயை நிறுத்தி, நிலத்தின் மேலேயே வைக்கலாம். சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

நடப்பவர்களையும் மறக்காதீர்கள்

காலை இழந்தவர்களும் சக்கர நாற்காலியில் நடமாடுபவர்களும் எங்கள் ஊர்களில் பலர். வாகனம் திடீரென வந்தால் அவர்களால் பாய்ந்து விலக முடியாது. ஊன்றுகோலின் கீழ்ப்பகுதியிலும் சக்கர நாற்காலியின் பின்புறத்திலும் இரண்டு விரல் அகலத்தில் பட்டி சுற்றிவிடுங்கள். மாலை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையின் புத்தகப் பைக்கும் சைக்கிளின் மட்காட்டுக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போதும் பராமரிக்கும்போதும்

மினுங்குவதெல்லாம் தெறிப்பான் அல்ல. கடையில் வாங்கும்போது, நிழலான இடத்தில் பட்டியை வைத்துவிட்டு ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். கைத்தொலைபேசியின் ரோச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். பட்டி பளிச்சென்று எரிந்தால் நல்லது. ரோச்சைக் கண்ணிலிருந்து தூர விலக்கியதும் மங்க வேண்டும். மங்காமல் ஒரே மாதிரித் தெரிந்தால் அது வெறும் மினுங்கல் தாள்.

ஒட்டுமுன் சுவரைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் ஒட்டினால் விரைவில் கழன்றுவிடும். கிரவல் தூசி படிந்தால் தெறிப்பு வெகுவாகக் குறையும் என்பதால், வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாம் பொருத்திய பின், ஓர் இரவு நீங்களே வீதியிலிருந்து மெதுவாக வாகனத்தைச் செலுத்தி வந்து பாருங்கள். எந்த இடம் இன்னும் கண்ணுக்குத் தப்புகிறதோ, அடுத்த பட்டி அங்கேதான் ஒட்டப்பட வேண்டும்.