அறுபது நிமிடச் சிறையும் அரசகுலச் சிறையும்

சென்ற விடுமுறையில் ஆய்வு மாணவர் அறுவர் 'தப்பிக்கும் அறை' விளையாட்டொன்றில் பங்கேற்றோம். அரண்மனைச் சிறை போல் அமைந்த அறை. குறிப்புகளைக் கோத்து 60 நிமிடத்திற்குள் பூட்டைத் திறக்க வேண்டும். 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய விளையாட்டு இது. நாங்கள் தோற்றோம், பணியாளர் புன்னகையுடன் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாள் திருப்பதியை அடுத்த சந்திரகிரிக் கோட்டையில் நின்றபோது அப்புன்னகை நினைவில் உறுத்தியது. விசயநகர இளவரசர் அச்சுதராயர் இங்குதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார். 1529இல் கிருஷ்ணதேவராயரின் மறைவையொட்டி எழுந்த வாரிசுத் தேவையே அவருக்குக் கதவைத் திறந்தது.

சந்திரகிரியிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆண்ட இரண்டாம் வேங்கடபதி 1614இல் இறந்தபின் நிகழ்ந்தது இதனினும் கொடிது. வாரிசான ஸ்ரீரங்கனும் குடும்பத்தாரும் ஜக்கராயனால் வேலூரில் சிறைவைக்கப்பட்டனர். யாசம நாயக்கரின் ஏற்பாட்டில், வண்ணார் ஒருவர் சிறுவன் இராமதேவனைத் துணிமூட்டைக்குள் மறைத்து வெளிக்கொணர்ந்தார். சிறையில் எஞ்சிய அரச குடும்பத்தார் மாண்டனர். தோப்பூர்ப் போருக்குப் பின் அச்சிறுவனே அரியணை ஏறினான்.

1616இல் கொச்சியிலிருந்து இச்செய்தியை எழுதிய ஏசு சபைத் துறவி மனுவேல் பர்ராதாஸின் மடலில் அந்த மனிதர் வெறும் 'வண்ணார்' மட்டுமே. காவலர் அவரை ஒரு பொருட்டாகக் கருதாமையே அன்று பூட்டைத் திறந்த சாவி. அதே பாராமுகம்தான் அவர் பெயரையும் வரலாற்றுக்கு வெளியே நிறுத்தியது. அரச மரபைக் காத்தவரின் பெயரை அம்மரபின் வரலாறு காக்கவில்லை.