முதுகலைப் பாடச்சுமையும் முனைவர் பட்டச் சேர்க்கையும்

முதுகலையில் ஒரு பருவத்திற்கு எத்தனை தாள்கள் படித்தீர்கள் என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கைக் குழுக்கள் பொதுவாகக் கேட்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் அறிவித்த முனைவர் பட்ட விதிகளிலும் பாடச்சுமை ஒரு தகுதி அளவுகோலாக இல்லை. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவையே அளவுகோல்கள். எனினும் இம்மூன்றிலும் பாடச்சுமையின் கை இருக்கிறது. அந்தக் கை யார் மீது கனமாக விழுகிறது என்பதே தலித் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

முதலில் சுமையின் அளவைப் பார்க்கலாம். தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஓர் ஆண்டுக்கு 40 கிரெடிட், அதாவது 1200 மணி நேரக் கற்றல். ஒரு பருவத்திற்கு 600 மணி. பதினைந்து வாரங்களில் அதை முடிக்க வேண்டுமெனில் வாரத்திற்கு 40 மணி நேரம் தேவை; இது ஒரு முழுநேர வேலைக்குச் சமம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஈராண்டு முதுகலைக்கு 90 கிரெடிட்டை ஒட்டி வரும் என்பதால் இங்குச் சுமை இன்னும் சற்றுக் கூடுதல். இந்தக் கணக்கு, மாணவருக்குப் படிப்பைத் தவிர வேறு வேலை இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. மாலையில் துணிக்கடையிலோ உணவு வழங்கும் செயலியிலோ 20 மணி நேரம் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் மாணவருக்கு வாரம் 60 மணி நேரமாகிவிடுகிறது. பாடத்திட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்; அதைப் படிப்பதற்குக் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல.

இதன் முதல் விளைவு அரியர். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு முதுகலை மதிப்பெண்ணில் 5 விழுக்காடு தளர்வு உண்டு. 50 விழுக்காடு போதும். நான்காண்டு இளங்கலை முடித்து நேரடியாக முனைவர் பட்டத்திற்குச் செல்வோருக்கு 75 என்பது 70 ஆகிறது. ஆனால் இந்தத் தளர்வு ஒரு வாசலை மட்டுமே சற்று அகலமாக்குகிறது. வெளிநாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்தொகைக்குப் பட்டியல் சாதி மாணவரும் தகுதித் தேர்வில் 60 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். ஐம்பதைத் தொட்டால் போதும் என்று எண்ணிப் படிப்பவர் அந்த வாய்ப்பைத் தெரியாமலே இழக்கிறார்.

இரண்டாவது விளைவு காலத்தோடு தொடர்புடையது. இது பலரின் கண்ணில் படுவதில்லை. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மதிப்பெண்ணையே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வு பெறாமல் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுவோருக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லும். இறுதிப் பருவத்தில் படிப்போரும் தேர்வு எழுதலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே பருவத்தில்தான் ஆய்வேடு, முந்தைய பருவங்களின் அரியர் தாள்கள், விருப்பப் பாடங்கள் எல்லாம் வந்து குவிகின்றன. நெட் தேர்வில் தேறியும் ஓர் அரியர் தாளால் பட்டம் தாமதமானால், ஓராண்டு கழிந்து மதிப்பெண் காலாவதியாகும். மீண்டும் தேர்வுக் கட்டணம், மீண்டும் ஓராண்டுக் காத்திருப்பு. எனவே கடைசிப் பருவத்துக்கு அரியரைத் தள்ளிவைப்பதைப் போல இழப்புத் தருவது வேறொன்றில்லை.

இதற்கு மாறாக, சுமையைக் கூட்டிக்கொண்டால் மதிப்புக் கூடும் என்ற எண்ணமும் மாணவரிடையே உள்ளது. வகுப்பு நேரம் மோதாவிடில் இரண்டு பட்டப்படிப்புகளை ஒரே காலத்தில் படிக்கலாம் என 2022இல் மானியக் குழு அனுமதித்தது. முனைவர் பட்டச் சேர்க்கையைப் பொறுத்தவரை இரண்டாம் பட்டத்தால் கிடைக்கும் நன்மை அற்பம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. தகுதிக்குப் பார்க்கப்படுவது தொடர்புடைய முதுகலையின் மதிப்பெண். இரண்டிலும் 52 பெறுவதைவிட ஒன்றில் 65 பெறுவது மேல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நிலை வேறு: அங்கே சேர்க்கைக் குழு மதிப்பெண் பட்டியலைத் தாள் தாளாகப் படித்து, எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தார் என்று பார்க்கும். அங்கு விண்ணப்பிப்போர் எளிய விருப்பப் பாடங்களால் பட்டியலை நிரப்பாதிருப்பது நல்லது.

மூன்றாவது வாசல் நேர்முகத் தேர்வு. நுழைவுத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்பது இப்போதைய பங்கீடு. நேர்முகத்தில் ஒருவருக்கு 10 மதிப்பெண் குறைக்கப்பட்டால், அதை ஈடுகட்ட அவர் எழுத்துத் தேர்வில் மற்றவரைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு கூடுதலாகப் பெற வேண்டும். இது வெறும் கற்பனைக் கவலை அன்று. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அப்துல் நஃபே தலைமையிலான குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் நேர்முக மதிப்பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு பாகுபாட்டைக் காட்டுவதாகக் கண்டு, நேர்முகப் பங்கை 30இலிருந்து 15ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பங்கு இன்றும் 30தான்.

நேர்முக அறையில் கேட்கப்படுவது ஆய்வுத் திட்டம் பற்றி. ஒழுங்காக ஓர் ஆய்வேடு எழுதியவர், நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர், பேராசிரியரோடு உரையாடிப் பழகியவர் அங்கே தடுமாறுவதில்லை. முன்பு அந்தப் பழக்கத்தை எம்.ஃபில் தந்தது, 2022 விதிகள் அதை நிறுத்திவிட்டன. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இருந்த அந்த இடைப்படி போனபின், முதுகலை ஆய்வேடு ஒன்றே எஞ்சியிருக்கிறது. ஆய்வேட்டுக்குப் பதிலாகக் கூடுதல் தாள்கள் எழுதலாம் என்று சில துறைகள் தரும் தெரிவு, வேலைக்குச் செல்லும் மாணவருக்கு எளிதாகத் தோன்றும். ஆய்வுக்குச் செல்ல விரும்புவோர் அதை ஏற்கக் கூடாது.

சுமையைப் பிரித்துக்கொள்ளவும் வழி உண்டு. கல்விக் கிரெடிட் வங்கியில் சேர்த்த கிரெடிட்டுகள் ஏழு ஆண்டுகள் வரை செல்லும். பல்கலைக்கழகம் ஏற்றால் ஸ்வயம் இணையவழிப் பாடங்களை விடுமுறையில் முடித்துப் பருவச் சுமையைக் குறைக்கலாம். உதவித்தொகை பெறுவோர், படிப்புக் காலம் நீண்டால் தொகை தொடருமா என்று முன்னதாக எழுத்து வடிவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்க்கை முடிந்தபின் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இடங்களின் எண்ணிக்கை, பாடவாரியான பங்கீடு, தேர்வு முறை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் முன்கூட்டியே தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தம் எழுத்துத் தேர்வு, நேர்முக மதிப்பெண்களையும் பிரிவுவாரியான குறைந்தபட்ச மதிப்பெண்களையும் தனித்தனியே கேட்டு விண்ணப்பிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகம் எனில் கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும்.