மளிகைச் சீட்டில் முதல் வரி

மளிகைக்கு மாசம் எவ்வளவு ஒதுக்கலாம்? அரசாங்கமும் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது.

1979-இல் திட்டக்குழுவின் பணிக்குழு, கிராமத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி என்று வைத்தது. அந்த அளவு சாப்பிடுவோரின் மொத்த மாதச் செலவே வறுமைக்கோடு: 1973-74 விலையில் 49 ரூபாய் 9 காசு. கலோரியை அரிசியே கொடுத்துவிடுமே! பருப்பு உண்டா என்று அந்தக் கோடு கேட்கவில்லை.

2014-இல் ரங்கராஜன் குழு கேட்டது. கலோரியோடு, 48 கிராம் புரதம், 28 கிராம் கொழுப்பும் சேர்த்தது. 2011-12 விலையில் தலைக்கு மாதம் 972 ரூபாய். அதில் சாப்பாட்டுக்கு 554.

இன்றைய விலை வேறு, பாடம் ஒன்றுதான். மளிகைச் சீட்டில் பருப்பு, எண்ணெய், முட்டையை முதல்ல எழுதுங்க. விளைஞ்ச உளுந்தையெல்லாம் மண்டிக்கு ஏத்திடாம, பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்க.