இராமபாணம் துளைத்த ஏடுகள்

பழைய வீட்டுப் பரணில் கிடந்த ஓலைச் சுவடியை நீங்கள் எப்போதாவது கையில் எடுத்துப் பார்த்ததுண்டா? கயிற்றை அவிழ்த்து முதல் ஏட்டைப் புரட்டினால், குண்டூசியால் குத்தியது போன்ற சிறு ஓட்டை ஒன்று தெரியும். அடுத்த ஏட்டிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. அதற்கடுத்த ஏட்டிலும் அப்படியே. ஏழு மராமரங்களை ஒரே அம்பால் துளைத்த இராமன் கதை நம் முன்னோர் நினைவுக்கு வந்தது போலும். இந்த வேலையைச் செய்யும் பூச்சிக்கு அவர்கள் 'இராமபாணம்' என்று பெயரிட்டார்கள்.

அந்த அம்பை எய்வது யார்? அதை அறிந்த பிறகே தடுக்கும் வழியையும் அறிய முடியும். தாமிரபரணிக் கரையிலே நடந்த ஒரு வரலாற்றோடு சேர்த்து இதைக் காண்போம்.

தெற்குப் புதுத்தெருவில் ஒரு புத்தக அறை

1888ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கு வந்தார். அவரிடம் இருந்த படிகளில் மூலப்பாடல்கள் தெளிவாக இல்லை. நெல்லைத் தெற்குப் புதுத்தெருவில் கவிராஜ ஈசுவரமூர்த்தியா பிள்ளை வீட்டுப் புத்தக அறையைக் கண்டதும் அவர் வியந்து நின்றார். சுவடிகள் கட்டுக் கட்டாக ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. புழுதி இல்லை, பூச்சி இல்லை, ஓர் ஏடு மற்றொன்றோடு கலந்து கிடக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் காட்சியை அவர் மகிழ்ச்சியோடு பதிந்திருக்கிறார்.

அங்கிருந்து ஸ்ரீவைகுண்டம் வழியாக ஆழ்வார்திருநகரிக்குச் சென்றார். இலக்குமண கவிராயர் வீட்டில் தேடிக் கிடைக்காத ஏடு, கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டுச் சுவடிகளிடையே கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1889இல், பத்துப்பாட்டு அச்சேறியது.

எல்லா ஊரும் இப்படி இருக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருந்தன என்று கேள்விப்பட்டு ஐயர் அங்கே போனார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓம குண்டத்தில் இட்டுவிட்டார்கள் என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. ஆடிப்பெருக்கில் சுவடிகளை நீரில் விட்ட கதையையும் அவர் கேட்டிருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? ஓலையின் வாழ்நாள் சில நூற்றாண்டுகளே. எனவே ஏடு பழுதாகும் முன் புதிய ஓலையில் படியெடுத்து, பின்பு பழையதை மரியாதையோடு நீருக்கோ நெருப்புக்கோ ஒப்படைப்பது முறை. படியெடுக்கும் பழக்கம் நின்றது. ஒப்படைக்கும் பழக்கம் மட்டும் தங்கியது. பூச்சி தின்றது பாதி என்றால், பூச்சிக்குப் பயந்து நாமே அழித்தது மீதி.

அம்பை எய்வது யார்?

இராமபாணம் என்ற பெயரைச் சிலர் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் சிறு பூச்சிக்கும் சொல்வதுண்டு. அது தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும், துளையிடாது. ஏட்டைத் துளைப்பது 'கேஸ்ட்ராலஸ் இண்டிகஸ்' என்ற சிறு வண்டின் புழு. மரத்தைத் துளைக்கும் வண்டுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தது இது. ஓலையும் தாளும் மரத்தைப் போலவே செல்லுலோசால் ஆனவை. ஆகவே, சுவடிக்கட்டு இந்தப் புழுவுக்கு மெல்லிய பலகைகளை அடுக்கி வைத்த ஒரு மரக்கட்டைதான்.

இங்கே நினைவில் கொள்ளவேண்டிய உண்மை ஒன்று உண்டு. தாய் வண்டு வெடிப்பிலும் இடுக்கிலும் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளரும். பின் கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வெளியே வரும்போதுதான் நாம் காணும் வட்ட ஓட்டையைப் போடுகிறது. அதாவது, அந்த ஓட்டை பூச்சி நுழைந்த வாசல் அன்று, வெளியேறிய வாசல். ஓட்டை கண்ணில் படும் நாளில், உள்ளே சேதம் நடந்து முடிந்திருக்கும். அருகே வேறு புழுக்கள் இன்னும் தின்றுகொண்டும் இருக்கலாம்.

வெள்ளையும் வைரமும்

ஓலையை விட்டு மரத்துக்கு வருவோம். சுவடியை மூடும் சட்டம், கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், வீட்டுத் தூண், நெல்லையப்பர் கோயில் தாமிர சபையின் மரச்செதுக்கல் என்று இந்தப் பள்ளத்தாக்கில் மரத்தாலான செல்வம் மிகுதி.

'வைரம் பாய்ந்த கட்டை உளுக்காது' என்று தச்சர்கள் சொல்வார்கள். இது அறிவியலுக்கும் பொருந்துகிறது. மரத்தின் வெளிப்புறத்தில் உள்ள வெளிறிய 'வெள்ளை'ப் பகுதியில் மாவுச்சத்து இருக்கும். நடுவிலுள்ள வைரத்தில் அது இல்லை. பூச்சிக்கு ஆகாத பொருள்கள் அங்கே படிந்திருக்கும். 'லிக்டஸ்' என்னும் பொடி வண்டு முட்டையிடும் முன் மரத்தைக் கடித்துச் சுவை பார்க்கிறது. மாவுச்சத்து இருந்தால்தான் முட்டையிடும். மூங்கிலை வெட்டியதும் தண்ணீரில் ஊறப்போடும் வழக்கத்தின் காரணமும் இதுவே. ஊறும்போது வண்டுக்கு வேண்டிய உணவு கரைந்து குறைகிறது.

பொடியைப் படியுங்கள்

அருங்காட்சியகங்களில் மரப்பொருள் ஒன்று வந்ததும் வல்லுநர்கள் முதலில் பார்ப்பது அதிலிருந்து உதிரும் பொடியைத்தான். அதை நீங்களும் கற்கலாம்.

பொடி மைதா மாவு போல் மிக நைசாக, துளை 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டமாக இருந்தால் அது லிக்டஸ். அதே அளவுத் துளையில் விரலுக்கு நறநறவென்று தட்டுப்படும் சிறு உருண்டைகள் வந்தால், அது ஏடு துளைக்கும் வண்டின் குடும்பம். மூங்கில் கூடையிலிருந்து கொட்டும் மாவு 'டைனோடெரஸ்' என்ற வண்டின் வேலை. நீள்வட்டமான பெரிய துளையாக இருந்தால் நீண்ட உணர்கொம்புடைய வண்டு என்று கொள்ளலாம். இவற்றுள் 'ஸ்ட்ரோமேஷியம் பார்பேட்டம்' என்பது உலர்ந்த மரத்துக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் புழுவாக வாழக்கூடியது. 300-க்கும் மேற்பட்ட மரவகைகளை அது தாக்குவதாக டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். மண்ணால் ஆன குழாய்ப் பாதை தெரிந்தாலோ, அது வண்டே அன்று, கறையான். அதற்கு மருத்துவம் வேறு.

அடுத்த கேள்வி: பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா? பொருளின் அடியில் கறுப்புத் தாளை விரித்து, தேதி எழுதி வையுங்கள். சில வாரங்களில் புதுப்பொடி விழுந்தால் தாக்குதல் தொடர்கிறது என்று பொருள். புதிய துளையின் ஓரம் கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருக்கும். பழைய துளை அழுக்கேறிக் கறுத்திருக்கும். பல தலைமுறைக்கு முன் நின்றுபோன தாக்குதலுக்கு இன்று நஞ்சு தெளிப்பதால் பயன் என்ன?

நஞ்சின் கதை

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் மாபெரும் மரக்கூரை 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது. 1913-14இல் சோதித்தபோது, உத்தரங்களை வண்டுகள் குடைந்து பொந்தாக்கியிருப்பது தெரிந்தது. மருந்து காண அழைக்கப்பட்டவர் ஹெரால்டு மாக்ஸ்வெல் லெஃப்ராய். இவர் நம் நாட்டுக்கும் அறிமுகமானவர். பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இந்திய அரசின் பூச்சியியலாளராக இருந்தவர். 1909இல் 'இந்தியப் பூச்சி வாழ்க்கை' என்ற பெரிய நூலை வெளியிட்டவர். மரவண்டைக் கொல்லும் திரவத்தை அவர் உருவாக்கினார். அந்த முயற்சியிலிருந்து 1925இல் ஒரு நிறுவனமும் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஆய்வுக்கூடத்தில் நச்சுவாயுவைச் சுவாசித்து அவர் இறந்துபோனார்.

பூச்சியைக் கொல்வது மனிதனையும் கொல்லும் என்ற பாடத்தை உலகம் மெதுவாகத்தான் கற்றது. ஆர்செனிக், டி.டி.டி. முதலியவை அருங்காட்சியகப் பொருள்கள் மீது பூசப்பட்டன. அவற்றின் எச்சம் இன்றும் சில சேகரிப்புகளைத் தொடுவோருக்கு ஆபத்தாக உள்ளது. மெத்தில் புரோமைடு வாயு புழுவை நன்றாகவே கொன்றது. ஆனால், ஓசோன் படலத்தையும் அரித்தது. 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தை ஒட்டி அதன் பொதுப் பயன்பாடு கைவிடப்பட்டது.

இன்று விரும்பப்படும் முறைகள் இரண்டு. ஒன்று, குளிர். பொருளைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, பூச்சியம் டிகிரிக்கு 30 டிகிரி கீழே மூன்று நாளோ, 20 டிகிரி கீழே இரண்டு வாரமோ வைப்பது. பின்பு அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே உறையைத் திறக்கவேண்டும். வண்ணம் தீட்டிய பொருளுக்கு இது ஏற்றதன்று; பூச்சு வெடிக்கக்கூடும்.

மற்றொன்று, மூச்சை அடைப்பது. காற்றுப் புகாத உறைக்குள் நைட்ரஜனை நிரப்பியோ, இரும்புத் தூள் பொட்டலங்களை வைத்தோ பிராணவாயுவை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிடுகிறார்கள். சில வாரங்களில் முட்டை, புழு, வண்டு எல்லாம் மடியும். இரும்புத் தூள் எப்படி வேலை செய்கிறது? அது துருப்பிடிக்கும்போது உறைக்குள்ளிருக்கும் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்கிறது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளை அரித்த அதே துரு, இங்கே மரத்தைக் காக்கும் காவலாக மாறுகிறது!

நம் கையில் இருப்பது

நம் முன்னோர் வசம்பையும் வேப்பிலையையும் ஏடுகளோடு வைத்தார்கள். வசம்பிலுள்ள அசரோன் என்னும் பொருள் பூச்சிகளின் இனப்பெருக்கத்தைத் தடுக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், உள்ளே ஆழமாகப் புகுந்த புழுவுக்கு வாசனை மட்டும் போதாது. சரசுவதி பூசைக்கு ஆண்டுதோறும் சுவடிகளை வெளியே எடுத்து, தூசி தட்டி, ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்தார்களே, அதுவே பெரிய மருந்து. தெற்குப் புதுத்தெரு வீட்டின் இரகசியமும் ஒழுங்கும் கண்காணிப்பும்தான்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ சுவடிக்கட்டு, பழைய செதுக்குப் பலகை, வாகனத் துண்டு எதுவும் இருக்கலாம். அதன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். எழுத்தும் வண்ணமும் போய்விடும். கொளுத்தும் வெயிலில் கிடத்தாதீர்கள். ஓலை முறியும், மரம் வெடிக்கும். மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, பாலிதீன் பையில் கட்டித் தனியே வையுங்கள். துளையின் அளவையும் பொடியின் தன்மையையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பாளையங்கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தாரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதலே வேதியியல் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு இருந்து வருகிறது. சுவடியாயின் 1869இல் தோன்றிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் சென்னையில் இருக்கிறது.

எந்தச் சுவடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. பத்துப்பாட்டும் ஒரு காலத்தில் ஒரு வீட்டு மூலையில் கயிறு கட்டிக் கிடந்த வெறும் ஓலைதான். ஆகவே, ஓட்டை விழுந்த ஏட்டைக் கண்டால், 'இது போயிற்று' என்று முடிவு கட்டாமல், முதலில் அதன் அடியில் ஒரு கறுப்புத் தாளை விரியுங்கள்.